சிலோன்காரர் பக்கம்

படத்தைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான். இது நாங்கள் இல்லையே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். நீலகிரியில் குந்தா பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில், கரும்பலகையைத் துடைத்த கையோடு நின்றபடியே செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடினார்கள். மார்பு நிறைய மணி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் கோபுரம் மாதிரி வெள்ளித் தலையணி. பின்னால் கடலும் தென்னை மரமும். கீழே குண்டு எழுத்தில், 'இலங்கையிலிருந்து வந்து நம் மலையில் வாழ்பவர்கள்' என்று போட்டிருந்தது.

அது கண்டி ஆட்டம். கண்டியில் பெரஹரா என்று ஒரு பெரிய திருவிழா ஊர்வலம் நடக்கும். அதில் சிங்களவர்கள் கட்டிக்கொண்டு ஆடுகிற உடுப்பு அது. கோகிலவாணியின் ஆட்கள் ஒருநாளும் அதைக் கட்டியதில்லை. அவர்கள் அங்கே தேயிலை பறித்தார்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக் கப்பல் ஏற்றி அனுப்பிய பிறகு இங்கே வந்தும் தேயிலை பறித்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் முகாமில் தட்டேந்தி வரிசையில் நின்றார்கள். அதையெல்லாம் யார் கலர் படமாகப் போடப் போகிறார்கள்?

படத்தை வரைந்து அனுப்பியவள் ஆஷ்லி. கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் போடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை செய்கிற பெண். நல்ல பெண். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் கோகிலவாணி அவரை வாயாரத் திட்டிவிட்டு அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

நீலகிரியில் எத்தனை வகை மனிதர்கள் வாழ்கிறார்கள், எல்லோரும் எப்படி உடுத்துகிறார்கள், ஆடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம் அது. ஆளுக்கு ஒரு பக்கம். தோடருக்கு ஒன்று, கோத்தருக்கு ஒன்று, குறும்பருக்கு, இருளருக்கு, படுகருக்கு. வேற்றுமையைக் கண்டு பயப்படாமல் கொண்டாடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஆஷ்லியின் கட்சி. யார் வேண்டாம் என்றார்கள்? சனவரிக் குளிரில் வந்து மூன்று நாள் தங்கி, ஊர் ஊராகப் போய் வரைந்தாள். பள்ளித் தலைமையாசிரியை சுஜாதா படுகர் சமூகம். ஆஷ்லியைப் பிக்கட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊருக்குக் கூட்டிப்போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை எடுத்துக் கட்டிக் காட்டி, நாத்தனார்களைச் சேர்த்துக்கொண்டு ஆடியும் காட்டினார்.

கோகிலவாணியின் முறை வந்தபோது ஆஷ்லி பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள், உங்கள் பாரம்பரிய உடை என்ன என்று. கோகிலவாணி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது சேலைக்கு மேல் ஒரு சாக்குப் படங்கைச் சுற்றி இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வாள். இப்போது சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். மேலே யாரோ போட்டுக் கழித்த ஆம்பளை ஸ்வெட்டர். ஆட்டம் என்றால் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதுதான். வீடு என்றால் எஸ்டேட்காரன் வரிசை வீடாகக் கட்டிவிட்ட நீள லயத்தில் ஓர் அறை. இதில் எதைப் போய்ப் பாரம்பரியம் என்று சொல்வது? எங்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். ஆஷ்லிக்கு அது பொறுக்கவில்லை. அப்படி யாருமே இருக்க முடியாது, நான் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தது இதுதான்.

கோகிலவாணியின் அப்பா கந்தன் இருந்திருந்தால் அவரிடம் காட்டியிருக்கவே முடியாது. அவர்கள் இலங்கையில் இருந்தது கம்பளைப் பக்கத்தில் ஓர் எஸ்டேட். எழுபத்தேழு கலவரத்தில் சிங்களக் கும்பல் லயத்துக்குத் தீ வைத்தபோது, இரண்டு ராத்திரி தேயிலைத் தூருக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தவர். இங்கே வந்த பிறகு பிறந்தவள் கோகிலவாணி. அவள் பார்க்க அவர் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் டிவியில் இலங்கை என்று ஏதாவது வந்துவிட்டால் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். போன வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு மஞ்சூர் வாடகை வீட்டில் அவள் ஒருத்திதான். கல்யாணம் கூடிவரவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் 'குட்மார்னிங் டீச்சர்' கேட்கும்வரை அவள் காதில் மனிதக் குரல் விழாது. சில நாள் அவளே சத்தமாக, "அரிசி தீரப்போகுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மதியம் மற்ற மூன்று ஆசிரியைகளும் படுகு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். இவளை ஒதுக்கியதில்லை. பொரியல் வைப்பார்கள், குழம்பு ஊற்றுவார்கள், ஊற்றிவிட்டுத் திரும்ப அவர்கள் பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டு சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். சன்னல் வழியே பார்த்தால் கீழே சரிவில் அவள் பிறந்த லயம் தெரியும். வேலை கிடைத்த வருஷமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து வெளியேறியவள் அவள். அந்த லயத்துப் பெண்கள் இப்போது அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வணக்கம் டீச்சர் என்பார்கள்.

ஆஷ்லியை அவள் அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டாள். ஆஷ்லி குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாப் பக்கத்திலும் உங்கள் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது என்றாள். கோகிலவாணி மென்று விழுங்கி, கடல் வேண்டாமே, நாங்கள் இருந்தது மலையில்தான் என்றாள். அது சுலபம், மாற்றிவிடலாம் என்றாள் ஆஷ்லி.

"மத்ததெல்லாம் கரெக்டா மேம்? தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது. புதுசா வரைய எனக்கு டைம் இல்ல, அந்தப் பக்கத்தையே எடுத்துட வேண்டியதுதான்."

ஆக, தப்பான பக்கம் இருக்கும், இல்லாவிட்டால் பக்கமே இருக்காது. கோகிலவாணி நினைத்துப் பார்த்தாள். புத்தகம் வகுப்புக்கு வரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தைக் கண்டுபிடித்து, இது நாங்க, இது நாங்க என்று கத்தும். லயத்துப் பிள்ளைகள் மட்டும் கடைசி அட்டை வரை புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். அவளும் சின்ன வயதில் பாடப்புத்தகங்களை அப்படிப் புரட்டியவள்தான். பிள்ளைகளுக்காகத்தான் என்று அவள் பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டது பாதி உண்மை. மீதிப் பாதி, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவளுக்கே ஒரு பக்கம் வேண்டியிருந்தது.

"சரியா இருக்குங்க," என்றாள்.

புத்தகம் ஜூலையில் வந்தது. அவள் நினைத்தபடியேதான் நடந்தது. படுகர் பிள்ளைகள் தங்கள் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கோத்தர் பையன் ஒருவன் தன் மாமா ஊதும் கொம்பு இதுதான் என்று எல்லோருக்கும் காட்டினான். கலைமதி என்ற லயத்துச் சிறுமி, எட்டு வயது, அதிகம் வாய் திறக்காதவள், அந்த வெள்ளித் தலையணிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், இது நம்மளா?"

'நாங்களா' என்று கேட்டிருந்தால்கூடக் கோகிலவாணி ஏதாவது சமாளித்திருப்பாள். பிள்ளை அவளையும் சேர்த்துக்கொண்டு 'நம்மளா' என்றது. அவளை அப்படிச் சேர்த்துக்கொண்டு யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

"ஆமா," என்றாள்.

அந்தப் பொய் ஒரு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது. அது அடங்குவதற்குள் சுஜாதா ஒரு யோசனை சொன்னார். ஆண்டு விழாவில் பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடி அவரவர் உடையில் வந்து மேடையில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கோகிலவாணி லயத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த உடுப்பெல்லாம் தைப்பது கஷ்டம், நீங்கள் சீருடையிலேயே வாருங்கள், நாம் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடலாம் என்று சொல்லிவைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டின. கலைமதியும் ஆட்டினாள்.

விழா அன்று மைதானத்தில் பனிமூட்டம் கலைந்து நல்ல வெயில் அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொரு கூட்டமாக மேடையேறினார்கள், இறங்கினார்கள். சீருடைப் பாட்டு ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில், சமையல்கூடத்துப் பின்னாலிருந்து கலைமதி ஏறி வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டின் உள்தாளை வெட்டி ஒட்டிய மார்புக் கவசம். அம்மாவின் சிவப்புச் சேலைக் கிழிசலில் இடுப்புப் பட்டை. தலையில் அட்டையும் தகடுமாக ஓர் அணி. அந்தத் தலையணி மட்டும் புத்தகத்தில் இருந்ததுபோல் இல்லை. நடுவில் கூம்பு, இரண்டு காது பக்கமும் அரச இலை மாதிரி தொங்கல்கள், அவள் தலையை ஆட்டினால் அதுவும் ஆடிற்று. எப்படிச் செய்தார்கள் என்று யோசிக்கக் கோகிலவாணிக்கு அப்போது நேரமில்லை.

யாரோ கைபேசியில் தாளம் ஒன்றை ஓடவிட்டார்கள். பேசவே பேசாத அந்தப் பிள்ளை ஒரு காலைத் தூக்கிற்று, சுற்றிற்று, தடுமாறி ஒரு கையை ஊன்றிற்று, எழுந்து மறுபடி சுற்றிற்று. கூட்டம் கை தட்டியது. பின்னால் நின்ற வாலிபர்கள் விசில் அடித்தார்கள். சுஜாதா நகர்ந்து வந்து கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா கூடவே இருக்கீங்க, உங்ககிட்ட இப்படி ஒன்னு இருக்குன்னு சொல்லவே இல்லையே டீச்சர்," என்றார். "நாங்களும் ஒரு நாளும் கேக்கலீங்க. தப்பு எங்க மேலதான்."

எத்தனையோ மதியங்கள் இந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். வந்தது, இல்லாத ஒன்றுக்காக வந்தது. பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. "ஆமாங்க," என்றாள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அவளைவிடத் தனியாக நின்றவர் யாரும் இல்லை.

சுஜாதாவிடம் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் இருந்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை? நாளைக்கு வளர்ந்து, இதுதான் நம் ஆட்டம், நம் உடுப்பு என்று நாலு பேரிடம் சொல்லும். யாராவது விவரம் தெரிந்தவன் சிரிப்பான். அதற்குக் காரணம் டீச்சர் சொன்ன ஒரு 'ஆமா'வாக இருக்கும். காறித் துப்பினாலும் பரவாயில்லை, தாயிடம் சொல்லிவிடுவது என்று கோகிலவாணி முடிவு செய்தாள். விழா முடிந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, லயத்துக்கு இறங்கும் பாதையில் வேக வேகமாகப் போனாள்.

கலைமதியின் அம்மா தேவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், கொழுந்து பறிக்கிறவள். விழாவுக்காக லீவு போட்டிருந்தாள். தலையணி கசங்காமல் ஒரு துணிப்பையில் வைத்து, பையை உடம்பில் இடிக்காமல் தூக்கிப் பிடித்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கோகிலவாணிக்கு மூச்சு வாங்கியது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தப் படம் தப்பு, அது நம்முடையது இல்லை, தெரிந்துதான் விட்டுவிட்டேன், பிள்ளையிடமும் பொய் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தேவி மகளை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"தெரியுங்க டீச்சர்," என்றாள்.

புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தெரியுமாம். அவள் அப்பா பழனியாண்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது சிங்கள ஆளுக பெரஹராவுல ஆடுறதாச்சே என்று சொல்லிச் சிரித்தாராம். லயத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியுமாம். அப்புறம் ஏன் இதைப் போட்டு அனுப்பினாய் என்று கோகிலவாணி கேட்டாள்.

"மத்த புள்ளைகெல்லாம் ஒன்னொன்னு போட்டுட்டு வரையில, இவ மட்டும் யூனிபாரத்துல நிக்கணுமாங்க?"

தலையணி செய்ததே அப்பாதான் என்றாள் தேவி. புத்தகத்தில் போட்டிருப்பது சரியில்லை, காதுக்கு இலை தொங்கணும் என்று பக்கத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாராம். சின்னப் பிள்ளையில் அவருடைய அப்பா தோளில் உட்கார வைத்து அந்த ஊர்வலத்தைக் காட்டியிருக்கிறார். கோகிலவாணிக்கு நம்ப முடியவில்லை. பழனியாண்டியும் கலவரத்தில் அடிபட்டு வந்தவர்தானே என்று கேட்டாள்.

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒரே தூருக்குள்ளதான டீச்சர் படுத்துக் கெடந்தாங்க. நானும் கேட்டேன். அவங்க நமக்குச் செஞ்சது வேற, அந்த ஆட்டத்தோட அழகு வேறன்னுட்டாரு."

ஒரே தூருக்குள் என்பது கோகிலவாணிக்குத் தெரியாது. அப்பா அதைச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஏன் முன்னாடியே வந்து என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீங்களே ஆமான்னு சொன்னீங்கன்னு கலை வந்து சொன்னா. டீச்சரே சொல்லிட்டாங்க, போயித் தப்புன்னு சொன்னா அவங்களுக்குச் சங்கடமாப் போயிரும், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு எங்கப்பா லயம் பூராச் சொல்லிப்புட்டாருங்க."

எல்லோரையும் தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த வெளியாள் முகம் வாடக்கூடாது என்று வீட்டார் கண் ஜாடை காட்டிக்கொள்வார்களே, அப்படி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சொந்த மனுஷியாக இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது ஓடி வந்து, ஏன்டி கோகிலா, உனக்குமா தெரியல என்று கேட்டிருப்பார்கள்.

கலைமதி முன்னால் போனவள் சலித்துப்போய்த் திரும்பி வந்தாள். அடுத்த வருஷம் தோடர் போர்வை போர்த்திக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டாள்.

"நமக்குன்னு ஒன்னும் இல்லாததால நாம எத வேணும்னாலும் போட்டுக்கலாமாம். தாத்தா சொன்னாரு."

தேவி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். பிறகு, ஊட்டுக்கு வாங்க டீச்சர், அப்பா இருக்காரு, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டாள். கோகிலவாணியின் வாயில் வழக்கமான பதில் தயாராக இருந்தது. அதுவே முந்திக்கொண்டு வந்துவிட்டது. பஸ் வந்துரும், இன்னொரு நாள் வர்றேன் என்றாள். சரிங்க டீச்சர் என்று தேவி உடனே ஒப்புக்கொண்டாள். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. எதிர்பார்த்த பதில்தான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அவர்கள் இறங்கிப் போனார்கள். சற்று நேரத்தில் கீழே லயத்து வாசலில் கை தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளையை மறுபடி ஆடச் சொல்கிறார்கள்போல. கிழட்டுக் குரல் ஒன்று, அப்படி இல்ல, காலை இப்படித் தூக்கணும் என்று அதட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆஷ்லி மூன்று நாள் தங்கியும் லயத்துக்குள் ஒரு நடை போய்ப் பார்க்கவில்லையே என்று கோகிலவாணிக்கு இத்தனை நாளும் மனத்துக்குள் ஒரு குறை இருந்தது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் யார் என்று இப்போதுதான் தோன்றியது. அந்தப் பக்கத்தில் என்ன போடலாம் என்று கேட்க ஒரு கிழவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். பக்கம் இருக்கட்டுமா எடுக்கட்டுமா என்று தவித்த அன்றுகூட அவரிடம் போய்க் கேட்கலாம் என்று இவளுக்குத் தோன்றவில்லை.

மேலே பஸ் ஹாரன் அடித்தது. பழக்கத்தில் கால்கள் ஏறிப் போய்விட்டன. சன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி மஞ்சூர் போய்ச் சேரும்வரை பக்கத்து இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.